ரெண்டு காது, ஒரே ஓட்டை

“எங்க ரெண்டு பேரையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டிட்டியேப்பா.”

ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தபடி கூத்து வாத்தியார் சொன்னது இது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுபதைத் தாண்டியவர், நாற்பது வருஷம் கர்ணனாகக் கிரீடம் கட்டியவர், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டார். ரெண்டு பேர் என்றது அவரையும் முகவீணைக்காரரையும். அவர் நடுவில் உட்கார்ந்து பாடினார்; இவர் ஓரத்தில் இருந்து ஊதினார். பதிவைக் கேட்டால் ஒருவர் வாய்க்குள் மற்றவர் புகுந்துகொண்ட மாதிரி, மண்டைக்கு நடுவில் ஒரே புள்ளியிலிருந்து வருகிறார்கள். மிருதங்கமும் அதே புள்ளியில். சாக்கு என்பது சரியான வார்த்தை. மோனோ என்பதற்கு இதைவிட நல்ல தமிழை நான் எந்தக் கலைச்சொல் அகராதியிலும் பார்த்ததில்லை.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஜெராக்ஸும் டி.டி.பி.யும் போடுகிற கடை என்னுடையது. பட்டா, சிட்டா, வாரிசுச் சான்று, பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, எது கேட்டு வந்தாலும் இல்லை என்று சொல்வதில்லை. பங்குனி பிறந்தால் கூத்து நோட்டீஸ் வேலை வந்துவிடும். ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்: பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். பக்கத்து மேலச்சேரிக் கோயிலைத்தான் திரௌபதி வழிபாட்டுக்கே ஆதி இடம் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதையெல்லாம் சுற்றிப் பார்த்து எழுதி 1988-இல் கொண்டுவந்த புத்தகத்தின் துணைத்தலைப்பிலேயே ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்று இருக்கிறது. அந்த நோட்டீஸ் பழக்கத்தில்தான் தை மாதம் ஒருநாள் வாத்தியார் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“நீதான் கம்ப்யூட்டர் வச்சிருக்கியே தம்பி. நம்ம ஜமா பாட்டையெல்லாம் அதுல ஏத்தி வையேன். நான் போனாலும் பாட்டு இருக்கட்டும்.”

“அதுக்கென்ன வாத்தியாரே, ஒரு நாள் வேலை” என்றேன்.

அந்த ஒரு நாள் ஆனி மாதம்தான் முடிந்தது.

ஸ்டீரியோ எதற்கு, போனில் பதிந்தால் போதாதா என்று என் மனைவியே கேட்டாள். போனிலும் பதிந்து பார்த்தேன். பாட்டு இருந்தது, கூத்து இல்லை. கூத்துப் பாட்டு என்பது ஒரு ஆள் பாடுவது இல்லை. அவர் ஒரு அடியைப் பாடி விட்டதும் பின்பாட்டுக்காரர்கள் பின்னாலிருந்து அள்ளிக்கொள்வார்கள். முகவீணை ஒரு பக்கமிருந்து அதையே இழுத்துக்கொண்டு போகும். தாளமும் மிருதங்கமும் இன்னொரு பக்கம் நின்று வழிமறிக்கும். யார் எங்கே நிற்கிறார்கள் என்பது காதுக்குத் தெரிந்தால்தான் அவர்கள் ஒருவரோடொருவர் பேசுவது கேட்கும். இது நேற்று வந்த வித்தையும் இல்லை. ஆலன் பிளம்லைன் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் 1931-லேயே ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு எழுதிவிட்டார். சினிமாவில் ஆள் திரையின் ஒரு ஓரத்தில் நிற்க, குரல் வேறு இடத்திலிருந்து வருகிறதே என்று எரிச்சல்பட்டு அவர் யோசித்ததாகச் சொல்வார்கள். எரிச்சல்பட்டு அவர் காப்புரிமை வாங்கினார். நான் எரிச்சல்பட்டு டீ வாங்கிக் குடித்தேன்.

முதலில் லேப்டாப். பக்கவாட்டில் ஒரே ஒரு ஓட்டை. ஹெட்போனுக்கும் அதுதான், மைக்குக்கும் அதுதான். டவுனில் ஒரு கடையில் ‘ஸ்டீரியோ மைக்’ என்று அட்டையில் போட்டிருந்த ஒன்றை வாங்கி வந்து செருகினேன். ஒரே அமைதி. செருகியது மைக் என்றே அதற்குத் தெரியவில்லை. பிறகுதான் விவரம் புரிந்தது. அந்த ஓட்டைக்குப் போகிற பின்னில் நாலு பட்டைகள் உண்டு: நுனியில் இடது காது, அடுத்து வலது காது, அதற்கடுத்து எர்த்து, அடியில் மைக். காதுக்கு இரண்டு கம்பி, மைக்குக்கு ஒரே கம்பி. ஒரே கம்பியில் இடதும் வலதும் எப்படிப் போகும்? நான் வாங்கிய மைக்கில் மூன்றே பட்டை, அது வேறு சாதி. கடைக்காரத் தம்பியிடம் திரும்பிப் போனால், “கன்வெர்ட்டர் போட்டுக்கங்கண்ணா” என்று இன்னொரு சாமானை நீட்டினான். கன்வெர்ட்டர் போட்டதும் சத்தம் வந்தது. இடது பக்க மைக் மட்டும்.

எங்கள் மாமா எண்பதுகளில் பாட்டு பதிந்து தரும் கேசட் கடை வைத்திருந்தார். ‘ப்ரியா’ படப் பாட்டு 1978-இல் ஸ்டீரியோவில் வந்தபோது கேட்ட அனுபவத்தை வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவர். அவருடைய கேசட் டெக்கின் முன்பக்கத்திலேயே எல், ஆர் என்று எழுதி இரண்டு மைக் ஓட்டைகள் இருந்தன. சின்னப் பையனான எனக்கே அதில் எதை எங்கே செருகுவது என்று தெரியும். கம்ப்யூட்டரிலும் பாருங்கள், சிங்கப்பூர் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் கொண்டுவந்த முதல் சவுண்ட் பிளாஸ்டர் கார்டுதான் மோனோ. 1991-இல் வந்த புரோ கார்டு ஸ்டீரியோ ஆகிவிட்டது. அப்போது நான் பள்ளிக்கூடம். இன்று என் பையன் கல்லூரிக்குப் போகிறான், வீட்டு லேப்டாப்பில் மைக்குக்கு ஒரே கம்பி.

கடையில் பழைய டெஸ்க்டாப் ஒன்று உண்டு. அதன் முதுகில் மூன்று ஓட்டைகள்: ரோஜா, நீலம், பச்சை. பச்சை ஸ்பீக்கருக்கு. ரோஜா மைக்குக்கு, அதுவும் ஒற்றை மைக்குக்குத்தான். நீலம்தான் ஸ்டீரியோ. ஆகா, கிடைத்துவிட்டது என்று மைக்கை நீலத்தில் செருகினேன். எட்டு ஊருக்கு அப்பால் யாரோ பாடுகிற மாதிரி கேட்டது. காரணம் உண்டு. மைக் தருவது வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. நீல ஓட்டை எதிர்பார்ப்பதோ கேசட் பிளேயர் மாதிரி ஒன்றிலிருந்து ஏற்கெனவே வளர்ந்து வருகிற, ஒரு வோல்ட்டை ஒட்டிய சத்தம். நடுவில் வளர்த்துக் கொடுக்க ஒரு மிக்ஸர் வேண்டும். தின்கிற மிக்சர் என்றால் செஞ்சியில் தெருவுக்குத் தெரு கிடைக்கும். இது மைக் செட் அண்ணனிடம்தான் இருக்கிறது.

அண்ணன் தங்கமான மனுஷன். கல்யாண சீசன் என்றும் பார்க்காமல் மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு மைக், மிக்ஸர், அதிலிருந்து நீல ஓட்டைக்கு ஒயர். பதிந்தேன். திரையில் மேலே ஒரு அலை, கீழே ஒரு அலை. இரண்டு! வாத்தியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டுச் சொன்ன சாக்கு வசனத்தைத்தான் முதலிலேயே எழுதிவிட்டேன்.

திரையில் இரண்டு தெரிகிறதே, காதில் ஒன்றாக இருக்கிறதே என்று அன்று ராத்திரி மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். ஆடாசிட்டி என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது, நல்ல சாமான். அதில் ஒரு பக்க அலையை மட்டும் தலைகீழாகத் திருப்பி, இன்னொரு பக்கத்தோடு கூட்டினால், இரண்டும் வேறு வேறாக இருந்தால் வித்தியாசம் மட்டும் மிஞ்சும். இரண்டும் ஒன்றேயானால் ஒன்றையொன்று தின்றுவிடும். கூட்டினேன். வாத்தியாரும் இல்லை, முகவீணையும் இல்லை, மிருதங்கமும் இல்லை. ஏறக்குறைய ஒரு நேர்கோடு. ஒரே சத்தத்தை இரண்டு பிரதி எடுத்து மேலே ஒன்று கீழே ஒன்று என்று வைத்திருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்காரனுக்கே ஜெராக்ஸ்!

அண்ணனிடம் கேட்டேன். “என் மிக்ஸர்ல ரெண்டு பக்கமும் ஒண்ணேதான் வரும்ப்பா. அப்படித்தான் வரணும். ஊர்ல பத்துக் கொழாய் கட்டுறேன். வடக்குத் தெருக்காரனுக்குப் பாட்டு, தெக்குத் தெருக்காரனுக்குத் தாளம்னு பிரிச்சுக் குடுத்தா நாட்டாமை வந்து என்னைக் கட்டி வைப்பாரு” என்றார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இந்தக் கதையில் நியாயமாகப் பேசிய ஒரே ஒலிப்பதிவு ஆள் அவர்தான்.

அடுத்து யூ.எஸ்.பி. சவுண்டு கார்டு. முன்னூற்றைம்பது ரூபாய், கட்டைவிரல் பருமன், அட்டைப் பெட்டியில் ‘7.1 சேனல்’ என்று தங்க எழுத்து. ஏழரை என்று போட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். ஓட்டைகள் இரண்டு: ஒன்றில் ஹெட்போன் படம், ஒன்றில் மைக் படம். அந்த 7.1 எல்லாம் வெளியே போகிற சத்தத்துக்காம். அதையும் ஒரே ஹெட்போன் ஓட்டை வழியாக எப்படி அனுப்புமோ, அந்த அதிசயத்தை ஆராய எனக்கு நேரமில்லை. உள்ளே வருகிற மைக் மோனோ. இதற்குள் நான் தேறிவிட்டிருந்தேன். பாட்டெல்லாம் பதிந்து பார்க்கவில்லை. இடது மைக்கை விரலால் ஒரு தட்டு, வலது மைக்கை ஒரு தட்டு. இடதைத் தட்டினால் திரையில் இரண்டு கோடும் குதித்தது. வலதைத் தட்டினால் ஒன்றும் அசையவில்லை. ஐந்து நொடியில் தெரிந்துவிட்டது. நீங்கள் யாராவது ஸ்டீரியோ என்று நம்பி எதையாவது வாங்கினால், கடையிலேயே வைத்துத் தட்டிப் பாருங்கள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோம், இதைத் தட்டக் கூடாதா?

செட்டிங்ஸில் மாற்றினால் ஸ்டீரியோ ஆகும் என்றான் மாமன் மகன் என்ற உரிமையில் வந்து உட்கார்ந்த ஒரு பையன். செட்டிங்ஸ் என்ற காட்டுக்குள் போனேன். ரெக்கார்டிங் பக்கம், அதற்குள் ப்ராப்பர்ட்டீஸ், அதற்குள் அட்வான்ஸ்டு. அங்கே ஒரு பட்டியலில் ‘2 சேனல், 16 பிட், 44100’ என்று இருக்கவேண்டுமாம். என் பட்டியலில் ‘1 சேனல்’ மட்டும்தான். ஆனால் முதல் பக்கத்தில் மங்கலாக இன்னொரு பெயர் ஒளிந்திருந்தது: ‘ஸ்டீரியோ மிக்ஸ்’. ஸ்டீரியோ என்று பெயரிலேயே இருக்கிறதே, இதை விட்டால் வேறு எது என்று அதை இயக்கினேன். ஜமா முழுசும் வந்து திண்ணையில் உட்கார்ந்து நாற்பது நிமிஷம் ‘கர்ண மோட்சம்’ பாடினார்கள். பொன்னுருவி புலம்பும் இடத்தில் என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போட்டுக் கேட்டால் நாற்பது நிமிஷ அமைதியில் மூன்று முறை ‘டிங்’ என்று கேட்டது, அவ்வளவுதான். ஸ்டீரியோ மிக்ஸ் என்பது கம்ப்யூட்டர் தன் வாயால் வெளியே பேசுவதைத் தானே பதிந்துகொள்கிற ஏற்பாடாம். மைக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கர்ணன் உயிரை விட்டுக்கொண்டிருந்தபோது அது தன்னுடைய மணியைத் தானே ரசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அந்த டிங் மட்டும் அருமையான ஸ்டீரியோ.

இதைவிடக் கொடுமை ஒன்று நடந்தது. லேப்டாப்பில் பதிந்த ஆரம்பப் பதிவுகளில் முகவீணை தொடங்கும்போது நன்றாகக் கேட்கும், இரண்டு மூச்சுக்குள் தேய்ந்து காணாமல் போகும். முகவீணைக்காரருக்கு வயதாகிவிட்டது, மூச்சு நிற்கவில்லை போலிருக்கிறது என்று நான் மனதுக்குள் நினைத்துவிட்டேன். அந்தப் பாவத்தை எங்கே போய்த் தொலைப்பது? அவருக்கு ஒன்றுமில்லை. செட்டிங்ஸில் ‘இரைச்சல் குறைப்பு’ என்று ஒரு டிக் இருந்தது, என்னைக் கேட்காமலே. அதன் கணக்கு இதுதான்: விட்டு விட்டு வருவது மனிதப் பேச்சு, அதைக் காப்பாற்று, விடாமல் ஒரே சீராக வருவது மின்விசிறி அல்லது ஏ.சி., அதை அழி. முகவீணைக்காரர் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினால், விடாமல் வருகிறதே, இது ஃபேன் என்று முடிவு கட்டி அழித்துவிட்டது. ஆர்மோனியமும் ஃபேன். கூட்டமாக இழுத்துப் பாடினால் அதுவும் ஃபேன். வாத்தியார் இடையில் தொண்டையைச் செருமியதும், “டீ சொல்லுப்பா” என்றதும் துல்லியமாக இருந்தன.

இங்கேதான் எனக்கு உண்மையான ஆத்திரம் வந்தது. இந்த மெஷினைச் செய்தவர்கள் மனதில் எதிரே உட்கார்ந்திருப்பவன் யார்? ஆபீஸ் மீட்டிங்கில் ‘கேக்குதா, கேக்குதா’ என்று கேட்கிற ஒரு வாய். அவனுக்குப் பேச்சு போனால் போதும். அவனுக்குக் கேட்க இரண்டு காது கொடுத்தார்கள், சினிமா பார்ப்பானே, பாட்டு கேட்பானே என்று. ஆனால் அவன் பக்கமிருந்து பாட்டு எதுவும் கிளம்பி வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. வாங்குகிற வழி அகலம், கொடுக்கிற வழி ஒற்றையடிப் பாதை. செஞ்சிக்கு வெளியே இருக்கிற சத்தமெல்லாம் செஞ்சிக்குள் 7.1-இல் வரும்; செஞ்சியிலிருந்து ஒரு சத்தம் வெளியே போகவேண்டுமென்றால் ஒரே ஓட்டை, அதற்கும் ஒரு வடிகட்டி.

எங்கள் செஞ்சிக் கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் ராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பில் 12 கோட்டைகளைச் சேர்த்தார்கள். 11 மகாராஷ்டிரத்தில், தமிழ்நாட்டில் செஞ்சி ஒன்றுதான். நல்லது, எங்களுக்கும் பெருமைதான். ராஜகிரியைப் படம் பிடிக்க டிரோன் கொண்டு வருகிறார்கள், கல்யாண மகாலை ஜன்னல் ஜன்னலாக எடுக்கிறார்கள். ஆனால் 1714-இல் ஆற்காட்டு நவாப் படையோடு மோதிச் செத்துப்போன தேசிங்கு ராஜன் இத்தனை காலம் இந்தப் பக்கத்து ஜனங்களிடம் உயிரோடு இருப்பது கல்லால் இல்லை, பாடுகிறவன் வாயால். அந்த வாயைப் பதிய ஒரு ஒயர் கேட்டு நான் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆமாம், பஸ் ஏறினேன். அதற்கு முன் ஒரு யோசனை வந்தது: இரண்டு போனை இரண்டு பக்கம் வைத்துப் பதிந்து, அப்புறம் சேர்த்துவிட்டால் என்ன? சேர்த்தேன். பாட்டு தொடங்கும்போது அற்புதம். போகப் போக மிருதங்கத்துக்கு எதிரொலி முளைத்தது. ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது, இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. லட்சத்தில் ஐந்து பங்கு பிசகினாலே மணிக்கு 0.18 நொடி, எட்டு மணி நேரக் கூத்து முடிந்து விடிகிறபோது கிட்டத்தட்ட ஒன்றரை நொடி. திரௌபதி கூந்தலை முடிந்த பிறகு துச்சாதனன் தொடைக்கு அடி விழும் என்று என் பையன் சிரித்தான். தொடை துரியோதனனுடையது என்பதுகூடத் தெரியாத பிள்ளை, ஆனால் கணக்கு சரிதான்.

ஆகவே சென்னை, ரிச்சி தெரு. அங்கேதான் ஒருவர் பொறுமையாக உட்காரவைத்துச் சொன்னார்: “சார், உங்களுக்கு வேணும்கிறது சவுண்டு கார்டு இல்லை, ஆடியோ இன்டர்ஃபேஸ். ரெண்டு மைக் இன்புட் இருக்கிற மாதிரி. உள்ளே ஒரே கடிகாரம், ரெண்டு பக்கமும் தனித்தனி.” விலையைக் கேட்டு நாக்கு ஒட்டிக்கொண்டது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்த மாதிரி அதற்கு ஒயர், பின், ஸ்டாண்டு என்று தனியாக ஒரு பில். வீட்டில் பாதி விலைதான் சொன்னேன். இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

புதுச் சாமான் வந்துவிட்டதே, இனி என்ன? பழைய ஸ்டீரியோ மைக் சும்மா கிடக்கிறதே என்று ஒரு கன்வெர்ட்டர் வைத்து அதை எக்ஸ்.எல்.ஆர். ஓட்டையில் செருகினேன். இந்தக் கதை முழுவதிலும் மிக விசித்திரமான சத்தம் அப்போதுதான் கேட்டது. முகவீணை இருக்கிறது, மிருதங்கம் இருக்கிறது, நடுவில் உட்கார்ந்து தொண்டை கிழியப் பாடிய வாத்தியாரைக் காணோம். கிணற்றடியிலிருந்து யாரோ முனகுகிற மாதிரி ஒரு நிழல் மட்டும். விஷயம் என்னவென்றால், எக்ஸ்.எல்.ஆர். ஓட்டைக்கு இரண்டு கம்பி வந்தாலும் அதை அது இடது வலது என்று எடுத்துக்கொள்வதில்லை. இரண்டிலும் ஒரே சத்தம், ஒன்று நேராக ஒன்று தலைகீழாக வருகிறது என்று நினைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும். வழியில் ஒட்டிய இரைச்சலைக் களைய அது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே ஸ்டீரியோ பின்னைச் செருகினால், இடதிலும் வலதிலும் சமமாக இருப்பதெல்லாம் கழிந்து போகும். சமமாக இருந்தவர் நடுவில் உட்கார்ந்தவர். அன்று ராத்திரி நான் ஆடாசிட்டியில் வேண்டுமென்றே செய்து பார்த்த அதே கழித்தலை இந்தக் கன்வெர்ட்டர் கேட்காமலே செய்து கொடுத்துவிட்டது. நல்லவேளை, ‘48 வோல்ட்’ என்று பக்கத்தில் சிவப்பாக இருந்த பொத்தானை நான் தொடவில்லை. தொட்டிருந்தால் மைக்கே போயிருக்கும் என்று பிற்பாடு சொன்னார்கள்.

கடைசியில் மறுபடியும் மைக் செட் அண்ணன்தான். மேடை மைக் இரண்டைக் கொடுத்தார், அதற்கு 48 வோல்ட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஒன்று முதல் ஓட்டையில், ஒன்று இரண்டாவதில். எவ்வளவு தள்ளி வைப்பது என்பதற்கு பிரெஞ்சு வானொலிக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: இரண்டுக்கும் நடுவில் 17 சென்டிமீட்டர், 110 டிகிரி கோணம். ஏறக்குறைய இரண்டு காதுக்கு நடுவில் இருக்கிற தூரம். 1750-இல் செஞ்சிக் கோட்டையை ஒரே ராத்திரியில் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் 1761 வரை அதை வைத்திருந்தார்கள். அவர்களால் எங்களூருக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால், இந்த 17 சென்டிமீட்டரைச் சொல்வேன். துணி மாட்டும் ஹேங்கரில் இரண்டு மைக்கையும் கட்டி, ஸ்கேலும் பையனின் ஜியாமெட்ரி பாக்ஸும் வைத்து அளந்தேன்.

‘உம்ம்ம்’ என்று ஒரு உறுமல் வந்தது. லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கினேன், நின்றது. பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கும், அதற்குள் பாடியாக வேண்டும். வெள்ளிக்கிழமை வைத்தோம், சந்தைக்கு வந்த ஆடுகள் லோடு வண்டியில் நின்று இடது பக்கமிருந்து கத்தின. துல்லியமான இடது. அமாவாசையன்று வைத்தோம், மேல்மலையனூருக்குப் போகிற பஸ்கள் இடமிருந்து வலமாக ஹாரன் அடித்துக்கொண்டே போனதை ஸ்டீரியோவில் அப்படியே கேட்கலாம், யாருக்காவது வேண்டுமென்றால் தருகிறேன். பிறகு ஒரு புதன்கிழமை விடியற்காலையில் வைத்தோம். ஒரு மணி நேரம் பிசிறில்லாமல் பாடினார்கள். முடித்துவிட்டுப் பார்த்தால் முகவீணை மட்டும் பக்கத்தில் நின்று ஊதுகிறது, மற்றவர்கள் அடுத்த வீட்டில் இருக்கிறார்கள். முந்தின ராத்திரி கம்ப்யூட்டர் என்னவோ ‘அப்டேட்’ செய்துகொண்டு எழுந்திருக்கிறது. எழுந்த வேகத்தில் 2 சேனலை 1 சேனலாக மாற்றி வைத்துவிட்டது. முதல் மைக் மட்டும் பதிவாகியிருக்கிறது.

வாத்தியாரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அவரே கேட்டார்.

“இன்னாப்பா, மறுபடியும் சாக்கா?”

“இல்ல வாத்தியாரே. இந்த வாட்டி ஒரு ஆளை மட்டும் புடிச்சுக் கட்டியிருக்கு.”

“சரி வுடு. பாடுறது எங்களுக்கு என்ன புதுசா? நாளைக்கும் பாடுறோம்.”

மறுநாளும் பாடினார்கள். அதற்கு முன் நான் இரண்டு மைக்கையும் தட்டினேன், பதினைந்து தரம் தட்டியிருப்பேன். இடது தட்டினால் மேல் கோடு, வலது தட்டினால் கீழ்க் கோடு. அப்டேட்டை நிறுத்தினேன், நெட்டைப் பிடுங்கினேன், டிக் எல்லாவற்றையும் எடுத்தேன், மனைவியை மிக்ஸி போடக்கூடாது என்றேன், பையனை வாசலில் நிறுத்தி வண்டிக்காரர்களுக்குக் கை காட்டச் சொன்னேன். இரண்டு பாட்டும் ஒரு விருத்தமும் சுத்தமாக விழுந்தன.

திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டார் வாத்தியார். கண்ணை மூடினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முகவீணை வருகிற இடத்தில் புருவம் சுருங்கியது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

“தம்பி, இவன் எங்க நிக்கிறான்?”

“இடது பக்கம் வாத்தியாரே. பிரிஞ்சு கேக்குதில்ல?”

“பிரிஞ்சுதான் கேக்குது. ஆனா நாப்பது வருசமா இவன் என் சோத்தாங்கைப் பக்கம் நின்னு ஊதுறவன். இந்தப் பக்கம் எப்ப வந்தான்?”

மைக் இரண்டும் அவர்களைப் பார்த்து, ஜனங்கள் உட்காருகிற இடத்தில் இருந்தன. ஜனங்களுக்கு இடது என்றால் மேடையில் இருப்பவருக்கு வலது. இதைத்தான் ஸ்டீரியோ என்பது, சரியாகத்தான் இருக்கிறது, மென்பொருளில் இரண்டு சேனலையும் மாற்றிப் போட வழி இருக்கிறது, மெனுவில் எங்கேயோ பார்த்தேன் என்று நான் விளக்கத் தொடங்கி லேப்டாப்பை இழுத்தேன்.

அதற்குள் அவர் ஹெட்போனைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டார்.

“இப்ப சரி” என்றார். “முதல்ல இருந்து போடு.”